உன் விரல், என் பெயர்

டீச்சரம்மா,

ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். சாவியையும் இந்தக் கடிதத்தையும் எதிர்வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறேன். குக்கரில் சோறு இருக்கிறது, சாப்பிட்டுவிட்டே வா.

வலது கால் கட்டைவிரல் கறுத்துவிட்டது. நான்கு நாளாக அதைச் சாக்ஸுக்குள் மறைத்தேன். நேற்று நடக்க வர மறுத்ததற்கு "சோம்பேறி" என்றாய். செருப்பு நுழையவில்லை, அவ்வளவுதான்.

"மெஷின் சரியா காட்டுதான்னு பாக்கணும், விரலை நீட்டு" என்று மூன்று மாதமாக உன்னைக் குத்தினேனே, மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. உன் சர்க்கரையைத்தான் என் பெயரில் செல்போன் செயலியில் ஏற்றினேன். பிரஷர் பார்த்ததும் உன் கையில்தான். செயலி எனக்கு 'ஆரோக்கியச் செம்மல்' என்று பட்டம் கொடுத்தது. அந்தக் கணக்கைப் பார்த்து டாக்டர் என் சர்க்கரை மாத்திரையைப் பாதியாக்கினார். நீ மகளிடம் போனில், "அப்பா திருந்திட்டாருடி" என்றாய். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். பட்டம் பறிபோகுமே என்று வாயை மூடிக்கொண்டேன்.

செல்போனை மேஜையிலேயே விட்டுப்போகிறேன். ஆறு மணிக்குச் சர்க்கரை கேட்டு மணி அடிக்கும். பழக்கதோஷத்தில் விரலை நீட்டிவிடாதே.

பி.கு.: வரும்போது என் செருப்பை எடுத்து வா. ஒன்று போதுமா என்று டாக்டரிடம் கேட்காதே. இரண்டையும் எடுத்து வா.