மீனின் தகப்பன் பக்கம்

இன்று காலை உங்கள் கண்ணாடி அலுமாரியைத் திறந்தேன். ஸ்பிரிட் வாடை முகத்தில் அடித்தது. நீங்கள் கண்மூடிய பிறகு உறவினர் எல்லோரும் கேட்டார்கள், "செத்த மீனெல்லாம் வீட்டில வெச்சு என்ன செய்யப் போறீங்க?" தூசி துடைத்து வைத்திருக்கிறேன். ஒரு போத்தலும் வெளியே போகவில்லை.

கம்பஸில் படிப்பிக்கும் பிள்ளை ஒருத்தி வந்திருந்தாள். வாவியில் நீங்கள் பிடித்து, "கலப்பு" என்று லேபிள் ஒட்டிய அந்த யப்பான் மீனின், அதுதான் திலாப்பியாவின், செட்டையில் போன மாதம் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு போனவள். பழைய கறுப்பு இனமும் பிறகு வந்த வால்வரி இனமும் கூடிப் பிறந்தது, வாலில் வரி பாதியில் நிற்கிறது பார் என்று அன்று எனக்குக் காட்டினீர்கள். கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "சட்டிக்குள்ள போனா எல்லாம் ஒரே மீன்தான் சேர்."

"அன்ரி, மரபணு அடையாளம் பாத்தாச்சு. இது சுத்தமான கறுப்பு இனம். சேர்ட லேபிள மாத்தட்டா?"

"எதில பாத்த மகள்?"

"இழைமணியில, மைட்டோகொண்ட்ரியாவில இருக்கிற டி.என்.ஏ."

"அது தாயிட்ட இருந்து மட்டும்தானே வரும். தகப்பன ஆர் விசாரிச்ச?"

பள்ளியில் உயிரியல் படிப்பித்த என்னிடம் வந்து இதைச் சொல்கிறாள்.

நம் ஊரில் குடி, அதாவது வம்சம், தாய்வழி. நம் மகளின் கலியாணப் பேச்சில் மாப்பிள்ளை வீட்டார் என் குடியை மட்டும் கேட்டுத் திருப்திப்பட்டபோது நீங்கள் விடவில்லை. "குடி அவட குடிதான். மூக்கு என்ட மூக்கு. அத எங்க சேப்பீங்க?" சபையே சிரித்தது. எனக்குத்தான் கோபம் வந்தது.

இன்று அந்தக் கேள்வியை நான் கேட்டேன். ஒரு பக்கத்தை மட்டும் விசாரித்துவிட்டு உங்கள் எழுத்தை அழிக்க விடமாட்டேன். தாயும் தகப்பனும் சேர்ந்து கொடுத்த உயிர்க்கலத்து உட்கருவின் டி.என்.ஏ.யிலும் பார்க்கட்டும் என்றேன். அதிலும் நீங்கள் பிழை என்று வந்தால் லேபிளை நானே கிழிப்பேன். புதியதை என் கையால் எழுதுவேன். உங்கள் கோணல் எழுத்தைவிட வடிவாகவே இருக்கும். நான் படித்த கன்னியர் மடத்துப் பள்ளியில் கோணலுக்கு மன்னிப்பு இருக்கவில்லை.

"சேரும் இப்பிடித்தான் பிடிவாதமா அன்ரி?"

"அவர் இளகின ஆள். அதுக்குத்தான் நான் இருக்கன்."

இன்னொரு துண்டு வெட்டிக்கொண்டாள். போத்தலையும் கேட்டாள். கொடுக்கவில்லை.

பின்னேரம் மகள் வீடியோவில் வந்தாள். "என்னம்மா, ஒரு மீனுக்காகக் கம்பஸ் ஆக்களோட சண்டையாம்?"

திரை நிறைய அவள் முகம். அதன் நடுவில் உங்கள் மூக்கு.

"ஓம்," என்றேன். "மீனுக்குத்தான்."