டார்ச் அணைந்ததும் திரும்பினேன்

மாசி 18, ஞாயிறு. இரவு.

தாராபுரம் பக்கம் தண்ணீர் நிறைந்த பழைய கல்குவாரியில் இன்று குகைக்குள் முக்குளிக்கும் பயிற்சி. நானும் என் வீட்டுக்காரரும் ஜோடி. பாறைக் குடைவுக்குள் கயிற்றைப் பிடித்துப் போய்க்கொண்டிருந்தபோது என் மூன்று டார்ச்சுகளில் ஒன்று அணைந்துவிட்டது. கட்டைவிரலை உயர்த்தினேன். திரும்பலாம் என்று அர்த்தம். இவர் முன்னால் போகக் கை காட்டினார். நான் கயிற்றை விடாமல் மறுபடியும் விரலை உயர்த்தினேன். வேறு வழியில்லாமல் வந்தார்.

கரையேறியதும் பயிற்சிக்கு வந்த எல்லார் முன்னாலும் கத்தினார். "இன்னும் ரெண்டு டார்ச் இருந்துச்சில்ல? மானத்த வாங்கிப்போட்டயே!"

"பத்து இருந்தாலும் திரும்பியிருப்பேனுங்க," என்றேன்.

ஒருத்தர் திரும்பச் சொன்னால் மற்றவர் கேள்வி கேட்காமல் திரும்ப வேண்டும் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இவருக்கும் அது தெரியும்.

காரில் கோவை வந்து சேர்ந்தோம். வீட்டுக்குள் நுழைந்ததும், "அடுத்த வாரம் வேற ஜோடி பாத்துக்கறேன்," என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சொன்னேன். "பாத்துக்கோங்க. யாருகூடப் போனாலும் அவங்க விரலத் தூக்குனா திரும்பிருங்க. நீங்க முழுசா ஊடு வந்து சேரோணும்."

போய்ப் படுத்துக்கொண்டார். காலையில் நான் மன்னிப்புக் கேட்பேன் என்று நினைத்திருப்பார். கேட்க மாட்டேன். அடுத்த வாரமும் தண்ணீரில் இறங்கத்தான் போகிறேன்.