சனிக்கிழமைக் கரிமருந்து

5 ஏப்ரல், சனி

ஆறு வெடியில் நாலு கறுப்பு வட்டத்துக்குள். நாலு! ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடி தேடுகிற ஐம்பத்திமூன்று வயதுக்காரி, இருபத்தைந்து மீற்றர் தூரத்தில் நாலு. அந்தத் தாளை மடித்து இந்தக் கொப்பிக்குள் வைத்திருக்கிறேன்.

கணவருக்கு நான் சொன்னது: பிரெஞ்சு வகுப்பு. பாரிசுக்கு வந்து இருபத்தெட்டு வருடம் கழித்து நான் பிரெஞ்சு படிக்கப் போகிறேன் என்றதும் மனிதருக்கு எவ்வளவு சந்தோசம்! லா சப்பலில் தான் சமைக்கும் சாப்பாட்டுக்கடை முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். போன கிழமை எனக்கு ஒரு புதுப் பேனா வாங்கித் தந்தார். அந்தப் பேனாவால்தான் இதை எழுதுகிறேன். வெட்கமாய்த்தான் இருக்கிறது.

எல்லாம் லூடோவிக்கால் வந்த வினை. ஒபர்வில்லியேயில் எங்கள் மொத்த வியாபாரக் கந்தோரில் நான் விநியோகக் கடதாசிகள் அடிக்கிறேன், அவன் லொறிகளை அனுப்புகிறான். பெப்ரவரியில் தன் துப்பாக்கிக் கழகத்தைப் பார்க்க வரும்படி கந்தோரில் எல்லாரையும் கூப்பிட்டான். மற்றவர்களுக்குச் சாக்கு வாயில் இருந்தது. எனக்கு உடனே ஒன்றும் வரவில்லை, போய்விட்டேன். நூற்றறுபது வருடப் பழைய ரிவால்வர் ஒன்றைக் கையில் தந்தார்கள்.

சும்மா நிரப்பிச் சுடுகிற சாமான் இல்லை அது. உருளையில் ஆறு குழி. ஒவ்வொரு குழிக்கும் முதலில் கரிமருந்து, அதன்மேல் இடம் நிரப்ப ஒரு சின்னக் கரண்டி ரவை (உப்புமாவுக்குப் போடுகிற அதே ரவை!), அதன்மேல் ஈயக் குண்டு, வாயை மூடக் கொழுப்பு, பின்னால் ஒரு குட்டிச் செப்புத் தொப்பி. சுட்டால் முன்னால் வெள்ளைப் புகை. அது கலையுமட்டும் எங்கே பட்டதென்று எனக்கே தெரியாது. அன்றைக்குச் சிரித்துச் சிரித்து விலா நொந்தது.

8 ஏப்ரல்

“என்னப்பா, உம்மடை தலைமயிர் கூழ்முட்டை மணக்குது?” என்று இவர் கேட்டார். கந்தக மணம், மூன்று நாளாகியும் போகவில்லை. மெத்ரோ என்றேன். நம்பிவிட்டார். பன்னிரண்டாம் லைனின் மேல் எந்தப் பழியையும் போடலாம்.

12 ஏப்ரல், சனி

இரவுச் சாப்பாட்டு நேரம் தொலைக்காட்சியில் ஒரு படம். அதில் ஒருவன் ரிவால்வரை நீட்டினான். இவர் எழும்பிப் போய் நிறுத்திவிட்டார்.

“அப்பா, ஸே ஜுஸ்த் அன் ஃபில்ம்!” என்று மகள் மிருணாளினி கத்தினாள்.

“படமெண்டு எனக்கும் தெரியும். நான் துவக்கைப் பாக்கக்கூடாதெண்டுதானே பிள்ளை இவ்வளவு தூரம் வந்தனான். இந்த வீட்டுக்குள்ளை வேண்டாம்.”

இவரின் தமையனுக்கு நடந்தது எனக்குத் தெரியும். அதை எழுத மனமில்லை. துவக்கு என்ற சொல்லையே இவர் வாயில் எடுப்பது வருடத்துக்கு ஒருதரம் இருக்குமோ தெரியாது.

நான் தலை குனிந்து புட்டைக் குழைத்துக்கொண்டிருந்தேன். காலையில்தான் பதினெட்டு வெடி சுட்டுவிட்டு வந்திருந்தேன். விட்டுவிடட்டா? விடத்தான் வேண்டும். ஆனால் அடுத்த சனி வரட்டும், பிறகு பார்ப்போம்.

19 ஏப்ரல், சனி

போனேன்.

இன்று வேறு பிரச்சினை. கழகத்தில் எல்லாருக்கும் கொழுப்புக் காய்ச்சிக் கொடுப்பது ரோமன். அச்சுக்கூடத்தில் வேலை செய்கிறவர், பழைய ரிவால்வர் என்றால் சாப்பாடு மறப்பவர். எதில் காய்ச்சுகிறீர்கள் என்று இன்றைக்குத்தான் கேட்டேன். ஆட்டுக் கொழுப்பாம்! ஏழரைச் சனி தொடங்கியதிலிருந்து சனிக்கிழமைகளில் நான் மச்சம் மாமிசம் தொடுவதில்லை. இரண்டு மாதமாய் விரத நாளில் இரண்டு கையாலும் ஆட்டுக் கொழுப்பை அப்பிக்கொண்டு நின்றிருக்கிறேன். பிள்ளையாரே.

சனீஸ்வரனைப் பற்றி பிரெஞ்சில் விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் போனது. வகுப்பு என்று சொன்னது முழுப் பொய்யும் இல்லை. லூடோவிக் கடைசியில் கேட்டான், “அப்ப கிரகத்துக்கு எந்த எண்ணெய் பிடிக்கும்?”

20 ஏப்ரல்

இவர் வேலைக்குப் போனபின் தேன்மெழுகும் தேங்காயெண்ணெயும் சேர்த்து உருக்கினேன். நல்ல வெள்ளையாய் இறுகியது. பழைய கிரீம் டப்பா ஒன்றில் ஊற்றிக் குளிர்பெட்டியில், ஊறுகாய்க்குப் பின்னால் வைத்தேன்.

3 மே, சனி

என் கொழுப்பு வேலை செய்கிறது! கழகம் முழுக்கத் தேங்காய்ப்பால் மணம். ரோமன் தன் டப்பாவை ஓரமாய் வைத்துவிட்டு என்னுடையதில் விரலை விட்டார்.

இன்று தன் சொந்த ரிவால்வர்கள் இரண்டையும் கொண்டுவந்தார். 1860களில் லியேஜ் நகரத்தில் செய்தவை. உடனே ஐந்து பேர் சூழ்ந்து, பூதக்கண்ணாடியும் கையுமாய், சட்டத்தில் உள்ள இலக்கமும் உருளையில் உள்ள இலக்கமும் விசைக் காப்பில் உள்ள இலக்கமும் ஒன்றுதானா என்று பார்க்கத் தொடங்கினார்கள். எங்களவர்கள் சாதகப் பொருத்தம் பார்ப்பது தோற்றுப்போகும். ஒரு திருகாணி மட்டும் பிறகு மாற்றியதா இல்லையா என்பதில் முக்கால் மணித்தியாலச் சண்டை. ஒருவரும் ஒரு வெடிகூடச் சுடவில்லை. எல்லாருக்கும் ஒரே சந்தோசம்.

பங்கர்க் குழிக்குள் படுத்துச் சத்தம் கேட்டு வளர்ந்தவள் நான். எனக்கு ஏன் இது பிடித்திருக்கிறது? திரும்பி வரும்போது பஸ்ஸில் யோசித்தேன். அந்தச் சத்தம் எல்லாம் வேறு யாரோ எங்கோ இருந்து அனுப்பியது. இதை நானே அளந்து, நானே நிரப்பி, நானே மூடுகிறேன். ஆறு வெடிக்குப் பத்து நிமிடம் வேண்டும். இந்த ரிவால்வரோடு ஒருவரும் அவசரப்பட்டு ஒரு வீட்டுக்குள் நுழைய முடியாது. அது போதும் எனக்கு.

ஜூன் 21 பிராந்தியப் போட்டிக்கு லூடோவிக் என் பெயரைக் கொடுத்துவிட்டான்!

11 மே

டப்பாவில் பாதியைக் காணவில்லை. எலி குளிர்பெட்டி திறக்குமா?

14 மே

எலி இல்லை. இவர்.

வேலையால் வந்து, கதிரையில் இருந்து, என் துவக்குக் கொழுப்பை எடுத்துக் குதிக்கால் வெடிப்புக்குப் பூசிக்கொண்டிருக்கிறார்! “இஞ்சாரும், இந்தக் களிம்பு எங்கை வாங்கினது? பத்து வருசத்து வெடிப்பு. பத்து நாளிலை பாரும்.” காலைத் தூக்கிக் காட்டினார். உண்மையாகவே பூப்போல இருந்தது.

வகுப்பில் எல்லாரும் பாவிக்கிறது என்றேன். அதுவும் பொய் இல்லை.

24 மே, சனி

கீழ்வீட்டு நாகேஸ்வரி அக்காவுக்கும் கொடுத்திருக்கிறார். ரூ பஜோல் பிள்ளையார் கோயிலில் மூன்று பேர் என்னிடம் களிம்பு கேட்டார்கள். அடுப்படியில் காய்ச்சுகிறேன், காய்ச்சுகிறேன், போட்டிக்கு எடுத்து வைக்க ஒரு டப்பா மிஞ்சவில்லை.

அதைவிடப் பெரிய இடி: வகுப்பு முடிகிற நாள் எது என்று கேட்டார். இவ்வளவு நல்ல சனங்களுக்குத் தன் கையால் வடை சுட்டுக்கொண்டு வரப்போகிறாராம். வாய்க்கு வந்தபடி ஜூன் 14 என்று சொல்லிவிட்டேன்.

7 ஜூன், சனி

முப்பத்திரண்டு பாகை வெயில். தேங்காயெண்ணெய் உருகி ஓடி, கைப்பிடி வழுக்கி, செப்புத் தொப்பிகள் நனைந்து, போட்டிக் கணக்குக்குச் சுட்ட பதின்மூன்றில் ஐந்து வெடிக்கவேயில்லை. ரோமன் தன் ஆட்டுக் கொழுப்பை என் பக்கம் தள்ளினார். நான் திருப்பித் தள்ளினேன்.

13 ஜூன், வெள்ளி

நாளைக்கு வடை. உழுந்து ஊறப்போட்டுக்கொண்டிருந்தார். இனியும் மறைக்க ஏலாது. சொல்லிவிட்டேன்.

முதலில் விளங்கவில்லை. இரண்டாம் முறை சொன்னேன்.

“எப்ப தொடக்கம்?”

“மாசி மாசம் தொடக்கம்.”

“அந்தக் களிம்பு?”

“அது... அதுக்குப் பூசிறதுதான்.”

எழும்பிக் குளியலறைக்குள் போனார். கனநேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. கால் கழுவுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. ஐயோ, என்ன வேலை செய்துபோட்டன் நான். ஏன் முதலே சொல்லேல்லை? அவர் வாங்கித் தந்த பேனை...

14 ஜூன், சனி

போகவில்லை. உழுந்து அப்படியே இருக்கிறது.

16 ஜூன்

சமைக்கிறார், கோப்பையில் போட்டு வைக்கிறார், கதைக்கிறார் இல்லை. மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கிறாள்.

19 ஜூன்

போட்டியில் என் பெயரை வெட்டச் சொன்னேன். லூடோவிக் நாளை வரைக்கும் பொறுத்துப் பார் என்றான். பொறுத்து என்ன வரப்போகிறது? இந்த மனிதருக்கு நான் கொடுத்த ஒரே வாக்கு, இந்த வீட்டில் பயமில்லாமல் இருக்கலாம் என்பதுதான். அதில்தான் கை வைத்தேன்.

ஆனால் எனக்கும் அது வேண்டியிருக்கிறது. அதையும் எழுதி வைக்கிறேன். எனக்கும் வேண்டும்.

20 ஜூன், வெள்ளி

பின்னேரத் தேத்தண்ணியோடு முன்னால் வந்து இருந்தார். ஒரு கிழமைக்குப் பிறகு முதல் பேச்சு:

“ஒருக்கா சுட எவ்வளவு நேரம் எடுக்கும்?”

மேசையில் ஆறு முட்டைக் கிண்ணங்களை வட்டமாய் வைத்துக் காட்டினேன். மிளகுத்தூள் மருந்து. ரவை ரவைதான். கடலை குண்டு. ஒவ்வொன்றாய் நிரப்பினேன். சமையல்காரக் கண் அல்லவா, அளவு பிசகினால் புருவம் ஏறியது. ஆறாவது கிண்ணம் முடியும்போது கடிகாரத்தைப் பார்த்தார்.

“பத்து நிமிசமோ?”

“ஓம்.”

“அதுக்குள்ளை எதிரி தேத்தண்ணி குடிச்சு, கோப்பையும் கழுவி வச்சிட்டுப் போயிடுவான்.”

நான் சிரித்தேன். பிறகு அழுதேன். இரண்டும் ஒன்றாய் வந்தது. இவரும் கண்ணைத் துடைத்தார், மிளகுத்தூள் என்றார்.

“நீர் சுடுறதிலை எனக்குக் கோவமில்லை,” என்றார். “என்னட்டைச் சொல்லப் பயந்தீர் பாரும், அதுதான். நான் ஆருக்கும் பயம் காட்டுற ஆளெண்டு நான் ஒருநாளும் நினைக்கேல்லை.”

அவர் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் தானாகவே குளிர்பெட்டியைத் திறந்தார். “உம்மடை களிம்புக்கு மெழுகு காணாது. போன வெக்கைக்கு என்ரை சப்பாத்துக்குள்ளையே உருகி ஓடினது.” அடுப்பை மூட்டி, மெழுகைக் கூட்டி, குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, நகத்தால் சுரண்டிப் பார்த்து, திரும்பவும் கூட்டினார். பாகு பதம் பார்க்கிற மாதிரி நாலு தரம்.

“நான் வரமாட்டன். சத்தம் எனக்கு ஏலாது. நீர் போயிட்டு வாரும்.”

21 ஜூன், சனி

முப்பத்திநாலு பாகை. ஒரு சொட்டும் உருகவில்லை. பதின்மூன்றும் வெடித்தது!!

நூறுக்கு எழுபத்திநாலு புள்ளி. பதினாலு பேரில் ஒன்பதாவது. ரோமன் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. லூடோவிக் புகையால் கறுத்த முகத்தோடு ஆடினான். திரும்பி வரும் வழியெல்லாம் இசைத் திருவிழாக் கூட்டம், எல்லாத் தெருமூலையிலும் மேளம், எனக்காகத்தான் அடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

கதவு திறக்க முதலே கேட்டார், “வெடிக்காமல் எத்தினை?”

“ஒண்டுமில்லை.”

“பாத்தீரே!” என்றார், போட்டியைத் தான் வென்ற மாதிரி.

5 ஜூலை, சனி

ரோமன் தன் இரண்டில் ஒன்றை எனக்கு விற்றார். முக்கால் மணித்தியாலம் சண்டை பிடித்த அந்தத் திருகாணிக்காரி. கையில் எடுத்தால் கைப்பிடி மரம் அப்படியே பொருந்துகிறது. எனக்கு முன் எத்தனை பேர் பிடித்து மழுங்கிய மரம்! வீட்டுக்குள் கொண்டு வரமாட்டேன் என்று இவருக்குச் சொல்லியிருக்கிறேன். லூடோவிக் வீட்டில், சென் தெனியில், ஒரு பெட்டிக்குள் இருக்கும்.

26 ஜூலை, சனி

காலையில் சென் தெனி போய் எடுத்து, கழகம் போய், திரும்ப சென் தெனி போய்க் கொடுத்து, வீட்டுக்கு வர மூன்று மணி. இவர் சோற்றுச் சட்டிக்கு முன்னால் இருந்தார்.

“ஒவ்வொரு சனியும் சோறு ஆறிப்போகுது. அந்தப் பெட்டியை இஞ்சை கொண்டு வந்து வையும்.”

“என்ன சொல்லுறியள்?”

“பூட்டு நல்லதாய்ப் போடும். பருப்புக் குழம்பு ஊத்தட்டா?”

31 ஓகஸ்ட், ஞாயிறு

கோயில் தேர். ரூ பஜோலில் கால் வைக்க இடமில்லை, உடைத்த தேங்காய்த் தண்ணீரில் எல்லார் காலும் நனைந்தது. அதற்குள் நாகேஸ்வரி அக்கா காதுக்குள், “ஒன்பதாவதாமே!” என்றார். பிறகு பழக்கடைக்காரர். பிறகு எனக்குப் பெயரே தெரியாத ஒரு மனிசி. நாலு மாதம் வாயைக் கட்டி நான் காத்த இரகசியத்தை இவர் ஒரு மாதத்தில் தெரு முழுக்க விநியோகித்துவிட்டார். திரும்பிப் பார்த்தேன். வடம் பிடிக்கிற சாக்கில் கூட்டத்துக்குள் ஒளிந்துகொண்டார்.

4 ஒக்ரோபர், சனி

மழை. கந்தோரில் பெட்டி தூக்கி வலது மணிக்கட்டு நோகிறது. இன்றைக்குப் போகவில்லை, சும்மா படுக்கிறேன் என்றேன். “இடக்கையாலை சுடேலாதோ? எழும்பும், லூடோவிக் பாத்துக்கொண்டு நிப்பான்” என்று போர்வையை இழுத்தார்.

நான் சப்பாத்துப் போடுமுன் அலுமாரியிலிருந்து பெட்டியைத் தானே இறக்கிவிட்டார். பஸ் வரைக்கும் தூக்கி வருகிறாராம். நான் பின்னால், அவர் முன்னால், இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படி இறங்கினார்.

இரண்டாம் மாடியில் நாகேஸ்வரி அக்கா சாமான்கள் வாங்கிக்கொண்டு ஏறி வந்தார். “என்ன தம்பி, இந்த மழைக்குள்ளை என்ன பெட்டி?”

“இவவின்ரை துவக்கு அக்கா. கை நோவாம்.”

அவருக்கு வழி விட்டு நின்று, பெட்டியை ஒரு கைக்கு மாற்றி, குடை எடுத்தனீரோ என்று என்னிடம் கேட்டார்.