குசினி மேடையை நாலு அங்குலம் உயர்த்திவிட்டேன்

என் நஸ்ரினுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நம் ஊரில் பெண்கள் கபுறடிக்குப் போவதில்லை என்பது உனக்குத் தெரியும். ஆண்கள் போய் வந்து, உன்னை அடக்கிய மண் காய்ந்துவிட்டது என்று சொன்னார்கள். நான் வர முடியாததால் எழுதுகிறேன்.

நான் தேறிவிட்டேன் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், நாம் சேர்ந்து வீட்டுப் படம் கீறிய கந்தோரைக் காலையில் திறக்கிறேன். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் மய்யித்தாகத் திரும்பி வந்த நாளிலும் நான் அழவில்லை. மரத்துப்போன காலைத் தட்டிப் பார்ப்பதுபோல் அவ்வப்போது உன் பெயரைச் சொல்லிப் பார்க்கிறேன். ஒன்றும் தெரியவில்லை.

உன் வீட்டுப் படம் பிரதேச சபையிலிருந்து திரும்பி வந்துவிட்டது. நீ உன் கலியாணத்துக்காக, உன் கையாலேயே கீறிய வீடு. அடி அங்குலத்தில் இருக்கிறதாம், மீற்றரில் வேண்டுமாம். உனக்குத் தெரியாததா? ஊரார் படத்தையெல்லாம் மீற்றரில் கீறியவள் உன் வீட்டை மட்டும் ஏன் அடியில் கீறினாய்? மேசனுக்கு அடிதான் விளங்கும் என்றா, உன் உம்மாவுக்கு வாசித்துக் காட்டவா? கேட்காமல் விட்டுவிட்டேன்.

வீடு இனி உன் தங்கை றிஸ்னாவுக்கு. நம் ஊரில் மகளுக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் பேச முடியாது. உன் உம்மாவிடம் வேறு காணித் துண்டும் இல்லை. இதில் யாரைக் கோபிப்பது? இரண்டு பேரும் படத்தை எடுத்துக்கொண்டு கந்தோருக்கு வந்தார்கள். உன் உம்மா, என் மாமி, உன் கதிரையில் உட்கார்ந்தார்.

"அளவ மட்டும் மாத்து புள்ள. அவள் கீறினதில ஒரு கோட்டையும் தொடப்படாது," என்றார்.

அளவை மட்டும் மாற்றுவது என்ன பெரிய வேலை? ஆனால் என் தலை எங்கேயோ இருந்தது. கணினியில் அங்குலம் என்றிருந்ததை மில்லிமீற்றர் என்று மாற்றிவிட்டு, வேலை முடிந்தது என்று நினைத்தேன். பெயர்தான் மாறியது, கோடெல்லாம் பழைய அங்குலக் கணக்கிலேயே நின்றன. அது தெரியாமல் என் கோப்பிலிருந்து மில்லிமீற்றரில் கீறிய ஒரு கட்டிலை எடுத்து உன் அறையில் வைத்தேன். அது அறையை மூடி, வீட்டை மூடி, கிணற்றையும் மதிலையும் தாண்டித் தெருவில் போய்ப் படுத்தது. றிஸ்னா பக்கென்று சிரித்துவிட்டாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டு உம்மாவைப் பார்த்தாள். நீ இருந்திருந்தால் இந்தப் பிழையை வைத்தே என்னை ஒரு மாதம் பகிடி பண்ணியிருப்பாய்.

பிறகு முழுப் படத்தையும் இருபத்தைந்து தசம் நான்கால் பெருக்கினேன். பத்தடி அறை 3.048 மீற்றர் ஆனது. எண்கள்தான் புதிது, அறை நீ வைத்த அதே அறை. அதுவரைக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

வீட்டைக் குறுக்கே வெட்டிக் காட்டும் படத்தில் மாட்டிக்கொண்டேன். குசினி மேடை 762 மில்லிமீற்றர். இரண்டரை அடி. நாம் கீறிய வேறு எந்த வீட்டிலும் அந்த உயரம் இல்லை. பிழையாக அடித்திருக்கிறாய் என்று முதலில் நினைத்தேன். மேல் தட்டைப் பார்த்தேன், ஜன்னலைப் பார்த்தேன், சுவிட்சைப் பார்த்தேன். எல்லாமே பதிவாக, வழக்கத்தைவிடத் தாழ இருந்தன. அப்போதுதான் நீ எவ்வளவு கட்டை என்பது நினைவுக்கு வந்தது. கண்ட குசினியிலெல்லாம் எட்டி எட்டிச் சமைத்தவள், சொந்த வீட்டிலாவது எட்டிப்பிடிக்காமல் சமைக்க நினைத்திருக்கிறாய். என்னிடம்கூடச் சொல்லவில்லையே, ஏன்?

றிஸ்னா உன்னைவிட ஒரு தலை உயரம்.

"இதில நீ குனிஞ்சி நிண்டுதான் சமைக்கணும். உசத்துவமா?" என்று கேட்டேன்.

"வாணாம் மச்சி. ராத்தா வெச்ச மாதிரியே இரிக்கட்டும்."

"இடுப்பு என்னத்துக்காகும்?"

"ஆகட்டும். அவட ஊடுதானே."

மேசையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். களவெடுத்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். காலமெல்லாம் அந்த வீட்டில் அவள் குனிந்தே இருக்கப்போகிறாள், மேடை அதற்கொரு சாட்டு என்று எனக்குப் பட்டது. மேடையை உயர்த்தினால் நீ அந்த வீட்டிலிருந்து போய்விடுவாய். உயர்த்தாவிட்டால் அது ஒருநாளும் அவள் வீடாகாது. நான் என்னதான் செய்வது?

மாமி எழுந்து வந்து திரையைப் பார்த்தார்.

"இவளுக்கு அது பதிவா?"

"ஓம் மாமி. நாலு அங்குலம் பதிவு."

மாமி றிஸ்னாவின் தலையில் கை வைத்தார்.

"அப்ப உசத்து புள்ள. இவளாவது நிமிந்து நிக்கட்டும்."

நாலு அங்குலத்தைக் கூட்டி, முழு எண்ணாக 860 என்று அடித்தேன். உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று விளங்காதது, அந்த எண்ணை அடித்தபோது விளங்கியது. நீ இனி எந்தக் குசினியிலும் நிற்கப்போவதில்லை. அதற்கும் அழுகை வரவில்லை, நஸ்ரின். படத்தை அச்செடுத்துக் கொடுத்தேன்.

சபை கையெழுத்து வைத்ததும் வேலை தொடங்கும். உனக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன். மேடைக்குக் கொங்கிரீட் போடும் நாளில் நான் அங்கே நிற்பேன். நான் அடித்த எண்ணையும் நம்பமாட்டேன். றிஸ்னாவைச் சுவரோடு நிற்கவைத்து, அவள் முழங்கை எங்கே வருகிறது என்று பார்த்த பிறகுதான் கொங்கிரீட்டைத் தாங்கும் பலகையை அடிக்க விடுவேன். ராத்தாட ஊடு என்று அவள் மறுபடி தொடங்கினால், வாயை மூடு, இது உன்ட ஊடு என்று ஏசுவேன். நீ கீறிய வீட்டில் உன் தங்கையைக் குனிய விடமாட்டேன்.

உன் மாமா மகள், என்றைக்கும் உன் மச்சி,
ஸியானா