ஆளுக்கு நூறு

அன்புள்ள ரூத்துக்கு,

நீயும் பாப்பாவும் நலமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். உன் இடுப்பு வலி குறைந்ததா? போனில் பேசினால் பாப்பா ஒட்டுக்கேட்கிறாள். அதனால்தான் சதுரங்கப்பட்டினம் வரும் ஜெபக்குமாரிடம் இந்தக் கடிதம்.

கையெழுத்து கோணலாக இருக்கிறதே என்று பயப்படாதே. இந்த மஸ்கட் வீட்டுத் தோட்டத்தில் பிள்ளைகளுக்கு டிராம்போலின் போட்டிருக்கிறார்கள். மாமல்லபுரத்தில் ஏற வேண்டும் என்று பாப்பா அடம் பிடித்தாளே, அதேதான். இந்த வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேரும் ஒன்றாக ஏறிக் குதித்ததில், பெரியவன் விழுந்த வேகத்துக்குச் சின்னவன் பறந்துவிட்டான். சுற்றியிருக்கும் வலையின் ஜிப்பையும் மூடவில்லை. செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த நான் பிடித்துவிட்டேன். அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. எனக்கு வலது மணிக்கட்டில் சின்னக் கட்டு, அவ்வளவுதான்.

இப்போது அதற்குக் காவல் நான். "ஒர்த்தன் எறங்குனாத்தான் இன்னொர்த்தன் ஏறணும்" என்று தமிழிலேயே அதட்டுகிறேன். ஆளுக்கு நூறு தடவை குதிக்கலாம், எண்ணுவது என் வேலை. அந்த அரபிப் பிள்ளைகள் கூடவே ஒண்ணு, ரெண்டு என்று கத்துவதைக் கேட்டால் நீ சிரிப்பாய்.

மாமல்லபுரம் போனால் பாப்பாவையும் ஏற்றிவிடு, தனியாக மட்டும். கொலுசைக் கழற்றிவிடு. அவள் பாதத்தைத் தாளில் வரைந்து அனுப்பு, ஷூ வாங்க வேண்டும்.

ஜெபக்குமாரின் வண்டி வந்துவிட்டது. இன்னொன்று. போன மாதம் பாப்பா, "நைனா, நீ வர இன்னும் எத்தினி நாளு கீது?" என்றாள். நூறு என்றேன். கிறிஸ்துமஸுக்கு லீவு இல்லை என்று நேற்று சொல்லிவிட்டார்கள். நூறு முடிந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணச் சொல். இங்கே நாங்கள் அப்படித்தான் எண்ணுகிறோம் என்று சொல்.

ஆல்வின்