நான் எழுதாமல் விட்ட தொள்ளாயிரம்

அக்கா,

இன்று சாயங்காலம் கார்பன் பேப்பர் தேடி அலமாரியின் அடித்தட்டைக் குடைந்தபோது உன் பிஸ்கட் டின் கையில் அகப்பட்டது. மூடியைத் திறந்ததும் கருவாட்டு வாடை. நீர்நாயின் எச்சம். மீன் செதிலும் முள்ளுமாகக் காய்ந்துபோனதைச் சின்னச் சின்னப் பொட்டலமாக மடித்து, ஒவ்வொன்றிலும் தேதியும் இடமும் எழுதி வைத்திருக்கிறாய். அம்மா முதல்முறை அதைக் கண்டுபிடித்த நாள் நினைவிருக்கிறதா? "எவடி துணி வைக்கிற அலமாரியில கருவாட்டை வச்சது?" என்று முகர்ந்து பார்த்தபடியே கேட்டார்கள். "கருவாடு இல்லம்மா, நீர்நாய் ஆய்" என்றாய் நீ. அம்மா சோப்புப் போட்டு நான்கு முறை கை கழுவினார்கள்.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. பின்னறையில் இப்போது நான் தனியாகத்தான் படுக்கிறேன். போர்வைக்குள் டார்ச் லைட்டை வைத்துக்கொண்டு, கெமிஸ்ட்ரி நோட்டின் கடைசிப் பக்கங்களில் இதை எழுதுகிறேன். அப்பா இருமும் சத்தம் கேட்டால் டார்ச்சை அணைத்துவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் ஸ்ரீரங்கம் பஸ் பிடித்துக் கொள்ளிடக்கரைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போவாய். மணலில் குப்புறப் படுத்துக்கொண்டு, "பேசாதே, மூச்சையும் மெதுவா விடு" என்பாய். எனக்கு மணல் சுடும், வயிறு பசிக்கும். ஒரே ஒரு நாள் மூன்று தலைகள் தண்ணீருக்கு மேலே வந்து நம்மைப் பார்த்துவிட்டு மறைந்தன. நீ அழுதாய். நான் எதற்கென்று கேட்டேன். "இன்னும் கொஞ்ச வருஷத்துல இதுங்க இங்க இருக்காதுடி" என்றாய்.

வனவிலங்குப் பாதுகாப்பில் எம்.எஸ்ஸி. படிக்க உனக்கு இடம் கிடைத்த கடிதம் வந்த அன்று வீடே பேச்சாக இருந்தது. இரண்டு வருடத்துக்கு ஆறாயிரம் ரூபாய். சித்தப்பா வேலை பார்க்கும் பேங்கில் அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டால் கடன் கிடைக்கும். கடன் வாங்கித் தருகிறேன் என்ற சித்தப்பாவேதான் கேலியும் செய்தார்.

"நீர்நாயை எண்ணுறதுக்கு ஒரு டிகிரியா? எண்ணி முடிச்சுட்டு யாருகிட்ட பில் குடுப்ப?"

"ஆத்துகிட்ட குடுப்பேன் சித்தப்பா."

அப்பா சிரிக்கவில்லை. ரிட்டயர் ஆக ஆறு வருடம்தான் இருந்தது. அதற்குள் கடன் அடையுமா என்பது ஒன்றுதான் அவருக்குக் கவலை. அடையாவிட்டால் உன்னைப் பெண் கேட்டு வருகிறவர்களிடம் என்ன சொல்வது என்று அம்மா முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்கள். அப்பா என்னைக் கூப்பிட்டார். "கணக்குல நீதான் கெட்டி. போட்டுச் சொல்லும்மா. அடையும்னா கையெழுத்துப் போடுறேன்."

நான் அப்போது பத்தாவது. அந்தப் படிப்பை முடித்த உன் சீனியர் எழுதிய கடிதத்தை நீயே என்னிடம் கொடுத்தாய். படிப்பு முடிந்ததும் இரண்டு வருடம் ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் நானூறு. அதற்குப் பிறகு நிரந்தர வேலை, மாதம் தொள்ளாயிரம், அநேகமாகக் கிடைத்துவிடும். இரண்டு வரிகள், அக்கா. சாப்பாடு, அறை வாடகை என்று முன்னூறு கழித்தால், முதல் வரியில் மாதம் நூறு மிஞ்சும். இரண்டாவது வரியில் அறுநூறு. இரண்டையும் எழுதினால் ஐந்தாவது வருட முடிவிலேயே கடன் வட்டியோடு தீர்ந்துவிடுகிறது.

நான் இரண்டாவது வரியை எழுதவில்லை. எல்லா வருடத்துக்கும் நானூறு என்றே போட்டேன். மிஞ்சும் நூறில் பெரும்பகுதி வட்டிக்கே போக, அப்பா ரிட்டயர் ஆகும் நாளில் கடன் பாதிகூட அடையாமல் நின்றது. "அநேகமாக என்றுதானே எழுதியிருக்கிறாள், நிச்சயம் என்று எழுதவில்லையே" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அது காரணமில்லை என்று அப்போதே எனக்குத் தெரியும். நீ போய்விட்டால் இந்த அறையில் தனியாகப் படுக்க வேண்டும். கிணற்றுப் பக்க ஜன்னல். அந்தப் பயம்தான். வேறு ஒன்றுமே இல்லை.

அப்பா தாளை மூன்று முறை படித்துவிட்டு உன்னிடம் நீட்டினார். நீயும் படித்தாய். என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாய். ஒன்றும் சொல்லாமல் மடித்துத் திருப்பிக் கொடுத்தாய். சேருவதாகப் பதில் அனுப்பக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அதுவரை நான்கு நாட்களும் நீ என்னோடு வழக்கம்போலத்தான் பேசினாய், ஜடை பின்னிவிட்டாய். நானே அப்பாவிடம் போய்ச் சொல்வேன் என்று காத்திருந்தாயா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் போஸ்ட் ஆபீஸ் மூடும் நேரத்தில் நீ வாசலில் நின்றுகொண்டிருந்தாய். நான் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பதிலாக நீ முசிறியில் சேர்ந்த ஸ்கூல் வேலைக்கு மாதம் கொடுத்தது முன்னூற்றைம்பது. அதில் பஸ் செலவு வேறு. நானூறு போதாது என்று நிறுத்திய வீட்டில் அதை யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. வீட்டிலிருந்து போய் வரலாம், கடன் இல்லை என்று எல்லோருக்கும் நிம்மதி. எனக்கும்தான். இருட்டிய பிறகு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து, சாப்பிடாமல்கூடப் படுத்துவிடுவாய். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு தூங்குவேன். பிறகு மஞ்சள் காமாலை. பதினோரு நாள். நீ அங்கே படிக்கப் போயிருந்தால் காமாலை வந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. ஆனால் போயிருந்தால் இந்த மாதம் படிப்பை முடித்திருப்பாய். அது தெரியும்.

நேற்று சித்தப்பா எனக்காக ஒரு கடன் விண்ணப்பப் பாரம் கொண்டுவந்து வைத்தார். ப்ளஸ் டூ முடிந்ததும் நான் பி.காம். சேர வேண்டுமாம். இன்று சாப்பிடும்போது அப்பா அந்தப் பாரத்தை என் பக்கம் தள்ளினார். "நீயே கணக்குப் போட்டுச் சொல்லும்மா" என்றார். பிறகு சோற்றைப் பிசைந்தபடி, "அன்னைக்குக் கணக்கு எப்படி இருந்தாலும் நான் கையெழுத்துப் போட்டிருக்கணும். என் புள்ளையை நான்தான் நம்பல" என்றார். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்கள்.

ஏழு மாதமாக அவர் செய்யாத தப்பை அவர் சுமந்துகொண்டிருக்கிறார், அக்கா. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து அவருக்கு மோர் ஊற்றுகிறேன்.

இதற்கு அடுத்த பக்கத்தில் பழைய கணக்கை முழுசாகப் போட்டிருக்கிறேன், தொள்ளாயிரத்தையும் சேர்த்து. காலையில் அப்பா பூசைக்குக் கிளம்பும்முன் அவர் கையில் கொடுக்கப்போகிறேன். பயமாகத்தான் இருக்கிறது. திட்டினால், அடித்தால்கூட, தாங்கிக்கொள்வேன். ஆனால் அவரும் உன்னைப் போலவே படித்துவிட்டு, என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்து, ஒன்றும் சொல்லாமல் மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டால், நான் எங்கே போவேன்?