கருஞ்சேவலோடு வந்த விருந்தாளி

தெம்ரே, வியாழக்கிழமை

என் கண்ணே செலிஹா,

நீயும் குழந்தைகளும் சுகமாயிருக்க அல்லாஹ் அருளட்டும். இங்கே நானும் ஆடுகளும் சுகம். இது என் கையாலேயே எழுதுவது. நகராட்சி வகுப்பில் பதினோரு பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன், ஒரு வரி முடிவதற்குள் தேநீர் ஆறிவிடுகிறது, ஆனாலும் என் எழுத்தைப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷம் தாங்கவில்லை. மாப்பிள்ளைக்கு இது இன்னும் தெரியாது, தெரியவும் வேண்டாம். போனில் பேசினால் அவர் உன் பக்கத்திலேயே இருக்கிறார்.

அவர் அனுப்பிய நண்பர் நெவ்சாத் போன வாரம் வந்தார். உன் அம்மா உனக்கு விட்டுப்போன ஆரஞ்சுத் தோட்டத்தை வாங்க ஆசையாம். ஒரு மரத்தைக்கூடத் தொடவில்லை, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றும் கேட்கவில்லை. பாறைக் கல்லறைகளைப் பார்க்க வேண்டும் என்றார், மேலே கூட்டிப்போனேன். எல்லாரும் அங்கே செதுக்கியிருக்கும் ஆட்களைப் படமெடுப்பார்கள், இவரோ கல்லறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கீழே நம் தோட்டத்தையே எடுத்தார். இறங்கியதும், மூலையில் பாதி புதைந்து கிடக்கிறதே பழைய காலத்துக் கல் சவப்பெட்டி, அதன் பக்கத்து மண்ணைக் குதிகாலால் தட்டித் தட்டிக் காது கொடுத்தார். வாங்குவது பிறகாம், முதலில் சுற்றி உயரமாக வேலி போட உன் கையெழுத்து வேண்டுமாம், தாள் மாப்பிள்ளையிடம் இருக்கிறதாம்.

ஒரு கூடை ஆரஞ்சு வைக்க அவர் காரின் பின்பக்கத்தைத் திறந்தேன். உள்ளே கால் கட்டிய கருஞ்சேவல்! ஒரு வெள்ளை இறகு கிடையாது. எதுக்கு தம்பி என்றேன், சூப்புக்குத்தான் பெரியவரே என்றார். தேநீர்க்கடை ஷாகிர் விழுந்து விழுந்து சிரித்தான், யோவ் துர்சுன், தோட்டம் வாங்குறவன் கன்னு கொண்டாருவான், பூதத்துக்குக் காவு குடுக்குறவன்தான்யா சேவல் கொண்டாருவான் என்றான். புதையலைக் காக்கும் பூதம் கருஞ்சேவல் ரத்தம் கேட்கும் என்று நம் ஊரில் திருட்டுத்தனமாகத் தோண்டுகிறவர்கள் நம்புவது உனக்குத் தெரியாததா? வேலிக்குள் அவர்கள் தோண்டுவார்கள், பிடிபட்டால் நிலம் உன் பேரில், ஜெண்டர்மா போலீஸ் தேடுவது உன்னை.

மாப்பிள்ளைக்கு இதில் பங்கிருக்காது என்றுதான் முதலில் நினைத்தேன். மறுநாள் காலை அவரே போன் செய்தார், உங்கள் கல்யாணத்துக்குப் பிறகு இப்போதுதான் என்னைத் தனியாகக் கூப்பிடுகிறார். மாமா, அந்தச் சேவல் விஷயத்தை மட்டும் செலிஹாகிட்ட சொல்லிடாதீங்க, பயந்துடுவா என்றார். சரி, போனில் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறேன்.

எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே, அவர் அழுதாலும் கோபித்தாலும் போடாதே. குழந்தைகளுக்குக் குளிருக்குக் காலுறை போட்டுவிடு. உன் கண்கள் இரண்டிலும் முத்தம், ஆயுசோடு இரு. பதிலைப் பெரிய எழுத்தில் எழுது, யார் உதவியும் இல்லாமல் நானே படிப்பேன்.

உன் அப்பா
துர்சுன்